பெருவிரல் சுண்ணாம்பு

நாடி பார்க்கச் சித்த மருத்துவக் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாக்கு, விழி, தோலின் நிறம், குரல் எல்லாம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். கால் பெருவிரல் நகத்தைப் பார்க்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். நீர்க்கடுப்பு என்று ஒரு பெண் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்தால் முதலில் அவள் காலைப் பாருங்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொள்வார்கள். சூடு இறங்கிவிடுமாம். பணியில் சேர்ந்த புதிதில் இதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நகத்துக்கும் மூத்திரப் பைக்கும் என்ன அம்மணி சம்பந்தம்? இதெல்லாம் ஒரு வைத்தியமா? போய்க் கழுவிட்டு வா" என்று விரட்டியிருக்கிறேன். அந்த நகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. கழுவச் சொல்லாதீர்கள். வாய் "பரவாயில்லீங்க" என்று சொல்லும். நகம் பொய் சொல்லாது.

மரகதத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் இப்போது இல்லை.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் நான் கடைசியாகப் பணியாற்றிய காலம். மரகதம் தேங்காய்க் களத்தில் கொப்பரை பிரிக்கிற வேலைக்குப் போனவள். களத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் போனால் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள், அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். வெற்றிலை, புகையிலை போட்டு வாயை ஈரமாக வைத்துக்கொள்வார்கள். மரகதத்தின் இடுப்புச் சுருக்குப் பையில் சுண்ணாம்பு டப்பா எப்போதும் இருக்கும்.

என்னிடம் வந்தபோது அவள் படாத பாடு பட்டிருந்தாள். அரை மணிக்கொரு தரம் ஓட வேண்டும், போனால் சொட்டு சொட்டாக, அடிவயிற்றில் கத்தி வைத்த மாதிரி வலி. ஆங்கில மருந்துகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாப்பிட்டு ஓய்ந்துவிட்டாள். பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் குழாய்விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிச் சோதித்து, சிறுநீர்ப்பையில் நாள்பட்ட அழற்சி, வேறொன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த அறுவை மருத்துவர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் சிறுபீளையும் நெருஞ்சிலும் சேர்ந்த குடிநீர்ப் பொடி கொடுத்தேன். சிறுபீளை என்று நாம் படித்ததைத்தான் இங்கே பூளைப்பூ என்கிறார்கள். வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து இட்டேறி ஓரமெல்லாம், அதாவது இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும். அது இந்த வியாதியைக் குணப்படுத்தும் என்று நான் எங்கேயும் அடித்துச் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். சிலருக்கு எரிச்சலைத் தணிக்கிறது, சிலருக்கு ஒன்றுமே செய்வதில்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முறையாக ஆராய்ந்து சொல்ல வேண்டியது உங்கள் தலைமுறையின் வேலை. எங்கள் தலைமுறை பெருமை பேசியே பொழுதைக் கழித்துவிட்டது.

மரகதத்துக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஒரு நாள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டாக்டரம்மா, பழனிக்கு பஸ்ஸுல போயிட்டு வந்துபோட்டனுங்க. நடுவால எங்கியும் எறங்கவே இல்லீங்க!" பழனி என்ன அமெரிக்காவா என்று உங்களுக்குத் தோன்றும். இந்த வியாதிக்காரர்களுக்கு அது அமெரிக்காதான். அவள் கணவர் ஆறுச்சாமி மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வர மாட்டார், பெண்கள் சமாச்சாரம் என்று கூச்சம். அன்றைக்கு அவரும் வாசல்வரை வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவளிடம் நான் ஒரு வார்த்தை வாங்கியிருந்தேன். "ரத்தம் வந்தா மட்டும் என்கிட்ட மறைக்கக் கூடாது. வந்தா நேரா கோயமுத்தூரு. சரியா?"

"சரிங்க" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா அந்தக் கொழாய் மட்டும் வேண்டாமுங்க. அங்க எனக்குப் பக்கத்துக் கட்டல்ல ஒரு அம்மா இருந்துச்சுங்க. மூத்திரப் பையை எடுத்துப்போட்டு வயித்துல ஓட்டை போட்டு ஒரு கவரை மாட்டி உட்டிருந்தாங்க. மூத்திரம் அதுல வந்து ரொம்புது. அந்த அம்மாவோட ஊட்டுக்காரர் மூக்கைப் பொத்திட்டு வெளியவே நின்னாருங்க. அப்படிப் பொழைக்கறதுக்குச் செத்துப்போயிரலாமுங்க" என்றாள்.

இதை நான் கேட்டேன். காதில் வாங்கினேன். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று தெளிவாகவே தெரிந்துகொண்டேன். ரத்தம் என்ற சொல்லும் அந்தக் கவரும் அவள் மனதில் ஒன்றாய் முடிச்சுப் போட்டுக்கொண்டதை மட்டும் கவனிக்கவில்லை.

போகிப் பண்டிகையன்று காலை. அன்று மாலை ஊரெல்லாம் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாரத்தில், மாட்டுக் கொட்டகையில், தோட்டத்து மூலையில் எல்லாம் செருகி வைப்பது வழக்கம். மருத்துவமனை வாசலிலேயே பூளைப்பூவைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்து வருவதெல்லாம் விடுமுறை என்பதால் உள்ளே கூட்டம் நெரிந்தது. மருந்து தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரகதம் வந்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கு அம்மணி?"

"அருமையா இருக்கறனுங்க."

காலைப் பார்த்தேன். இரண்டு பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு. காய்ந்து உதிர்ந்த பழைய சுண்ணாம்பு இல்லை, ஈரம் போகாதது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று தடவிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அருமையா இருக்கறவளுக்குச் சுண்ணாம்பு எதுக்கு?"

"சும்மா பழக்கமுங்க."

ஒரு பாட்டிலைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னேன். இப்போதுதான் போய்விட்டு வந்தேன் என்றாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையில் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். தெளிந்த நீர், ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் கையில் எடுத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

மனித உடம்பிலிருந்து வருவது எதுவும் ஜில்லென்று வராது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பைப்புத் தண்ணிங்க" என்றாள். அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். தீபாவளிக்கு முன்னாலிருந்தே ரத்தம் வருகிறதாம். வரும், நின்றுவிடும், மறுபடி வரும். ஒரு முறை கட்டியாகவும் வந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை, ஆறுச்சாமிக்கும் தெரியாது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பாவி மகளே, என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது, தெரியும். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அங்கேயே அந்த அறுவை மருத்துவருக்குப் போன் போட்டேன். பொங்கல் முடிந்த மறுநாளே கூட்டி வரச் சொன்னார்.

"கோயமுத்தூர் போயிட்டு வா. அதுவரைக்கும் பொடி கிடையாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டும். பொடி அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. எரிச்சலைத் தணித்தது, அதுதான் சிக்கலே. வலி தணிந்திருந்தால் அவள் போக மாட்டாள். வலி துரத்தினால்தான் பஸ் ஏறுவாள் என்று கணக்குப் போட்டேன். ஒரு நோயாளியின் வலியைத் திருப்பிக் கொடுத்து அவளை நகர்த்தப் பார்த்தேன். இதைக் கொடுமை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அவள் என் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "பொங்க நோம்பியும் அதுவுமா என்னைய வெறுங்கையோட அனுப்பாதீங்க டாக்டரம்மா. அந்தப் பொடி இல்லீன்னா நான் உக்கார முடியாதுங்க, நிக்க முடியாதுங்க. உங்க காலைப் புடிச்சுக்கறனுங்க." வரிசையில் ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "மருந்தை ஊட்டுக்கா எடுத்துட்டுப் போறீங்க? குடுத்தாத்தான் என்னுங்க?" என்று இன்னொருவர் சத்தம் போட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் வாட்சப்பில் சுற்றிவிட்டது. பண்டிகை நாளில் ஏழைப் பெண்ணுக்கு மருந்து மறுக்கும் அரசு மருத்துவர் என்று அதற்குத் தலைப்பு. மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். நல்லவர்தான், பயந்தவர்.

"ஏம்மா, ஒரு பாக்கெட் பொடி. பச்சிலை. தீங்கில்லாதது. குடுத்து அனுப்பிச்சுட்டா முடிஞ்சுது."

"தீங்கில்லாததுதான் சார். அதனாலதான் அதைக் குடிச்சுக்கிட்டே சாகப் போறா."

"எழுத்துல விளக்கம் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும் சார்" என்றேன்.

அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அழுத்தத்துக்கு வளையவில்லை, நின்றுவிட்டேன் என்று. இந்த மாதிரி மெச்சிக்கொள்ளும்போது உஷாராக இருங்கள். ஏதோ ஒன்றை மறந்திருப்பீர்கள்.

நான் மறக்கவில்லை, வேறொன்றில் விட்டுக்கொடுத்தேன். மேலதிகாரியிடம் போனில் பேசிவிட்டுத் திரும்பியபோது மரகதம் அழுகையை நிறுத்திவிட்டு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "உன் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடறேன். அவருக்குத் தெரியணும்" என்றேன். "வேண்டாமுங்க, இத்தனை சனத்துக்கு முன்னால வேண்டாமுங்க. நானே ஊட்டுக்குப் போய்ப் பதனமா சொல்லிக்கறேன். பொங்கலுக்கு அடுத்த நாளு நாங்களே போயிருவோமுங்க, சாமி சத்தியமா" என்றாள். அவள் உடம்பு, அவள் ரகசியம். அவள் அனுமதி இல்லாமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது சரிதான், இன்றைக்கும் சரிதான். ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஆறுச்சாமி மொபெட் இருக்கையைத் துண்டால் துடைத்து, வெயிலில் சுடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். மொபெட் பூளைப்பூக் குவியலைத் தாண்டிப் போனது.

பொங்கல் முடிந்து ஆள் வரவில்லை என்று அறுவை மருத்துவர் சொன்னார். அவள் எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். "ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வந்திருக்குதுங்க, அடுத்த வாரம் போறமுங்க" என்றாள். அடுத்த வாரம் வேறொரு காரணம். அப்புறம் என் எண்ணைக் கண்டால் எடுப்பதையே விட்டுவிட்டாள். கிராம செவிலியரை அனுப்பினேன். "நல்லா இருக்காங்க மேடம், களத்துக்குக்கூடப் போறாங்க" என்று வந்து சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. பொடி இல்லாமல் எப்படி நன்றாக இருப்பாள்?

மாசி கடைசியில் ஆறுச்சாமி என்னைக் கூப்பிட்டார். அவர் குரலைப் போனில் கேட்டது அதுதான் முதல் தடவை. ரத்தக்கட்டி அடைத்து நீர் வெளியேறவே இல்லையாம், வயிறு பானை மாதிரி ஊதிவிட்டதாம், கோயமுத்தூருக்கு ஆம்புலன்சில் போய்க்கொண்டிருக்கிறார்களாம். பின்னால் அவள் கத்துவது எனக்குக் கேட்டது.

புற்று. சிறுநீர்ப்பையின் சுவரைத் தாண்டிவிட்டது. முதல் தடவையே அழற்சிக்குள் ஒளிந்திருந்ததா, பிறகு வந்ததா என்று அந்த அறுவை மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. போகியன்று வந்திருந்தால்? என்று கேட்டேன். "கேக்காதீங்க டாக்டர்" என்றார். பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளை போட்டு, அவள் எதற்குப் பயந்து எல்லாவற்றையும் மறைத்தாளோ அந்தக் கவரையே மாட்டிவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனேன். பெண்கள் வார்டுக்கு வெளியே நடைபாதையில் ஆறுச்சாமி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

"பொடி ஸ்டாக்கு இல்லீன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு சொன்னாளுங்க. அதுக்கென்ன அம்மணி, பூளைப்பூதானே, நம்ம இட்டேறி பூராவும் கெடக்குதேன்னு நான்தானுங்க அறுத்தாந்து ஊட்டுத் தாருசு மேல காயப் போட்டேன். நோம்பி முடிஞ்சு காப்பு வாடுனதும் ஊருக்குள்ள ஒவ்வொரு ஊட்டு எறவாரத்துலயும் கேட்டுக் கேட்டு உருவிட்டு வந்தனுங்க. நெருஞ்சிமுள்ளும் நானே பொறுக்குனேன். விடியக்காலைல எந்திரிச்சு நானே காச்சி, ஆத்தி, கையில குடுப்பேன். குடிச்சா அவளுக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. தெனமும் குடுத்தனுங்களே! நான் காச்சுனதுல ஏதாச்சும் தப்பாயிப்போச்சுங்களா?"

கவனியுங்கள். மருந்தை என் அலமாரியில் பூட்டிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஊரின் ஒவ்வொரு வீட்டு இறவாரத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. நம் வைத்தியத்தில் மறுப்பதற்கு நம் கையில் ஒன்றுமே இல்லை. பொடி வாங்க வந்துகொண்டிருந்தவரைக்கும் அவள் கால் என் கண் முன்னால் இருந்தது. நான் மறுத்த நாளிலிருந்து அதுவும் போயிற்று. மனைவிக்கு ரத்தம் போகிறது என்பது தெரியாமலேயே அந்த மனிதர் அவளுக்கு ஒவ்வொரு நாளும் அன்பைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொடியைக் கொடுத்திருந்தால் மாதாமாதம் வந்திருப்பாளே, எப்படியாவது பேசி அனுப்பியிருப்பேனே என்று தோன்றும். கொடுத்திருந்தால் அந்த ஆறுதலிலேயே இன்னும் தள்ளிப் போட்டிருப்பாள் என்றும் தோன்றும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்றால் சந்தோஷம்.

"நீங்க காச்சுனதுல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன். அதுவாவது உண்மை.

உள்ளே போனோம். ஆறுச்சாமி மூக்கைப் பொத்தவில்லை, வெளியே நிற்கவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, மூத்திரக் கவர் நிரம்பியிருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பார்த்து, தானே கழற்றிக் கொட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டார். மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அவள் எதற்குப் பயந்து அத்தனை பொய் சொன்னாளோ, அந்த முகச்சுளிப்பு நடக்கவே இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"டாக்டரம்மா" என்றாள். "எரியுதுங்க. பையே இல்லீங்கறாங்க. ஆனா அதே எடத்துல அப்படியே எரியுதுங்க."

வெட்டி எடுத்த உறுப்பு இருந்த இடத்தில் வலி இருந்துகொண்டே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தலையைக் குனிந்தேன்.

அவள் வலது பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூசியிருந்தது. இடது நகம் வெறுமையாக இருந்தது. ஆறுச்சாமி அவள் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும் அந்தச் சுண்ணாம்பு டப்பாவைக் கைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

"எரியுதுன்னு அழுதாளுங்க. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. நர்சம்மா சத்தம் போட்டாங்க, அதான் ஒத்தை வெரலோட நிறுத்திப்போட்டேன்" என்றார். "இதுவும் வேண்டாமுங்களா?"

நான் கையை நீட்டினேன். பிடுங்கப் போகிறேன் என்று நினைத்துத் தலைகுனிந்தபடி டப்பாவைக் கொடுத்தார். அவள் இடது காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சுண்ணாம்பைத் தொட்டு, அந்த நகத்திலும் தடவிவிட்டேன்.